முன்பள்ளிக் குழந்தைகளின் மனவியல்பு மதிப்பீடு

முன்பள்ளிக் குழந்தைகளின் மனவியல்பு மதிப்பீடு என்பது, ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் புதியவற்றை எவ்வாறு எதிர்கொள்கின்றனர், எவ்வளவு விரைவாகவும் வலுவாகவும் உணர்ச்சிவயப்படுகின்றனர், தம்மை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்திக் கொள்கின்றனர் என்பவற்றை முறையாக அறிந்து பதிவு செய்யும் பணியாகும். இது வளர்ச்சி உளவியலின் ஒரு பகுதி. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வினாக்கொத்துகள், ஆய்வகத்தில் நடத்தப்படும் சிறு நிகழ்வுகள், நேரடிக் கவனிப்பு, கைப்பொம்மைகளைக் கொண்டு குழந்தையிடமே நடத்தப்படும் நேர்காணல் ஆகியன இதற்குரிய முதன்மையான வழிகளாகும்.

பெரியவர்களின் ஆளுமையை அளக்கும்போது அவர்களையே வினாக்களுக்கு விடையளிக்கச் செய்யலாம். எழுதப் படிக்க அறியாத குழந்தையிடம் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே இப்பருவத்து மதிப்பீடு பெரும்பாலும் பிறருடைய கண்களின் வழியாகவே நடைபெறுகிறது. ஒரே குழந்தையைத் தாய் ஒரு விதமாகவும், ஆசிரியர் வேறு விதமாகவும், ஆய்வாளர் மற்றொரு விதமாகவும் விவரிப்பது வழக்கம். இவ்வேறுபாட்டை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதே இத்துறையின் மையச் சிக்கலாகும். ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது என்பதையும், குழந்தைக்கும் அதன் சூழலுக்கும் உள்ள பொருத்தத்தை அறியவே மதிப்பீடு பெரிதும் உதவும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனவியல்பும் ஆளுமையும்

மனவியல்பு என்பது எதிர்வினைகளிலும் தன்கட்டுப்பாட்டிலும் இளமையிலேயே தென்படும், ஓரளவு உயிரியல் அடிப்படை கொண்ட தனியாள் வேறுபாடுகளைக் குறிக்கும். குழந்தை என்ன செய்கிறது என்பதைவிட, அதை எவ்வாறு செய்கிறது என்பதே இங்கு கருத்தில் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இரு குழந்தைகளிடம் வட்டம் வரையச் சொன்னால், ஒரு குழந்தை பத்து முறை முயன்று வரையலாம். மற்றொன்று முதல் கோடு கோணியதுமே பென்சிலை எறிந்துவிடலாம். வரையும் திறன் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அவர்களுடைய விடாமுயற்சியும் ஏமாற்றத்தைத் தாங்கும் இயல்பும் வேறுபடுகின்றன.

ஆளுமை இதனினும் விரிவானது. மனவியல்போடு பழக்கங்கள், விழுமியங்கள், தன்னைப் பற்றிய எண்ணம், பிறரைப் பற்றிய எதிர்பார்ப்பு ஆகியவையும் சேர்ந்ததே ஆளுமை எனப்படுகிறது. முன்னர், மனவியல்பு கைக்குழந்தைகளுக்கு உரியது என்றும், ஆளுமை வளர்ந்தோருக்கு உரியது என்றும் பிரித்துப் பார்க்கப்பட்டது. இன்று இரண்டும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவையாகக் கருதப்படுகின்றன. முன்பள்ளிப் பருவம், முன்னது பின்னதாக விரியத் தொடங்கும் காலமாதலால் ஆய்வாளர்களின் தனிக் கவனத்தைப் பெறுகிறது.

வரலாறு

இத்துறையின் தற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஆவர். கணவன் மனைவியான இவர்கள் 1956 ஆம் ஆண்டில் நியூயார்க் நெடுங்கால ஆய்வைத் தொடங்கினர். குழந்தையிடம் காணப்படும் நடத்தைச் சிக்கல்களுக்கெல்லாம் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே விதமாக வளர்க்கப்பட்ட குழந்தைகள் பிறந்த சில நாட்களிலிருந்தே வேறுபடுவதைக் கண்ட இவர்கள், அக்கருத்தைக் கேள்விக்குட்படுத்தினர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் வளர்ந்த பருவம் வரை பின்தொடர்ந்தனர்.

பெற்றோர் அளித்த விவரங்களிலிருந்து ஒன்பது கூறுகளை இவர்கள் வகுத்தனர். அவை:

- இயக்கத்தின் அளவு
- பசி, உறக்கம் முதலியவற்றின் ஒழுங்கு
- புதியதை அணுகுதல் அல்லது விலகுதல்
- மாற்றத்துக்கு இசைதல்
- எதிர்வினையைத் தூண்டத் தேவையான தூண்டலின் அளவு
- எதிர்வினையின் வலிமை
- பொதுவான மனநிலை
- கவனம் சிதறும் தன்மை
- கவன நீட்சியும் விடாமுயற்சியும்

இவற்றின் அடிப்படையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழந்தைகள் "எளியவர்", 10 விழுக்காட்டினர் "கடினமானவர்", 15 விழுக்காட்டினர் "மெல்லப் பழகுபவர்" என வகைப்படுத்தப்பட்டனர். எஞ்சிய 35 விழுக்காட்டினர் எவ்வகையிலும் அடங்கவில்லை. பிற்காலத்தில் இவ்வகைப்பாடு பரவலாக எடுத்தாளப்பட்டபோது, மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகள் வகைகளுக்கு வெளியே நின்றனர் என்னும் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று.

ஆர்னால்டு பஸ், ராபர்ட் பிளோமின் ஆகியோர் மரபுவழி வருவனவும் இளமையிலேயே தோன்றுவனவுமான இயல்புகளையே மனவியல்பு எனக் கொண்டனர். 1984 இல் இவர்கள் உணர்ச்சிவயப்படுதல், இயக்கம், கூடிப்பழகுதல் என்னும் மூன்று கூறுகளை முன்வைத்தனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கேகன், புதிய மனிதரையோ பொருளையோ கண்டதும் அசைவற்று நிற்கும் அல்லது தாயை ஒட்டிக்கொள்ளும் குழந்தைகளை ஆராய்ந்தார். இவ்வியல்பு நடத்தைத் தயக்கம் எனப்படுகிறது.

மேரி ராத்பார்ட், மனவியல்பை எதிர்வினை, தன்னொழுங்கு என்னும் இரு தளங்களில் விளக்கினார். இவருடைய அணுகுமுறையில் முன்பள்ளி வயதுக் குழந்தைகளிடம் மூன்று பெருங்கூறுகள் காணப்படுகின்றன. அவை ஊக்கமும் புறமுகத்தன்மையும், எதிர்மறை உணர்ச்சி, முயன்று கட்டுப்படுத்தும் திறன் என்பன. இவை முறையே, வளர்ந்தோர் ஆளுமையின் ஐம்பெருங்கூறுகளில் அடங்கும் புறமுகத்தன்மை, உணர்ச்சி நிலையின்மை, கடமையுணர்வு ஆகியவற்றுடன் ஒப்புநோக்கப்படுகின்றன.

மதிப்பீட்டு முறைகள்

வினாக்கொத்துகள்

மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது வினாக்கொத்து முறையே. இது செலவு குறைந்தது. குழந்தையைப் பல சூழல்களில், பல மாதங்களாகக் கண்டவரின் அறிவை இதனால் பெற முடிகிறது. தாமஸ், செஸ் ஆகியோரின் ஒன்பது கூறுகளை அடியொற்றி, சான் மெக்டெவிட், வில்லியம் கேரி ஆகியோர் 1978 இல் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக 100 கூற்றுகள் கொண்ட நடத்தைப் பாணி வினாக்கொத்தை வெளியிட்டனர். ராய் மார்ட்டின் 1988 இல் வெளியிட்ட மதிப்பீட்டுத் தொகுதி, பெற்றோர், ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோருக்குத் தனித்தனிப் படிவங்களைக் கொண்டிருந்தது.

ராத்பார்ட்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2001 இல் விரிவாக விளக்கிய குழந்தைகள் நடத்தை வினாக்கொத்து மூன்று முதல் ஏழு வயது வரையுள்ளோருக்கு உரியது. இதன் முழு வடிவில் 195 கூற்றுகள் உள்ளன. 2006 இல் 94 கூற்றுகள் கொண்ட குறு வடிவமும் 36 கூற்றுகள் கொண்ட மிகக் குறு வடிவமும் வெளியாயின. அண்மைய ஆறு மாதங்களில் குழந்தை எவ்வாறு நடந்துகொண்டது என்பதைக் கருத்தில் கொண்டு, ஒவ்வொரு கூற்றும் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைப் பெற்றோர் ஏழு படிகளில் குறிக்க வேண்டும். அத்தகைய நிலைமையில் குழந்தையைக் கண்டதே இல்லையெனில் "பொருந்தாது" எனக் குறிக்கவும் இடமுண்டு.

நல்ல வினாக்கொத்து "உங்கள் குழந்தை பிடிவாதக்காரரா?" என்று கேட்பதில்லை. "விளையாட்டை நிறுத்தச் சொன்னால் என்ன செய்கிறது?" என்பது போன்று, கண்ணால் கண்ட செயலையே கேட்கிறது. பொதுவான சொற்கள் கூடக்கூட, விடையில் விடையளிப்பவரின் கருத்து கலப்பதும் கூடும் என்பதே இதற்குக் காரணம்.

ஆய்வகக் கவனிப்பு

குழந்தை குறிப்பிட்ட உணர்ச்சியை வெளிப்படுத்தக்கூடிய சிறு நிகழ்வுகளை ஆய்வகத்தில் அமைத்து, அவற்றை நிகழ்படமாகப் பதிவு செய்து ஆராய்வது இம்முறையாகும். கில் கோல்டுஸ்மித்தும் ராத்பார்ட்டும் உருவாக்கிய ஆய்வக மனவியல்பு மதிப்பீட்டுத் தொகுதி இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. இதன் முன்பள்ளி வடிவத்தில் பின்வருவன போன்ற நிகழ்வுகள் உண்டு.

- ஒளி ஊடுருவும் பெட்டி: குழந்தை விரும்பிய பொம்மையை ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்துப் பூட்டி, பொருந்தாத சாவிகளைக் கொடுத்தல். சினமும் விடாமுயற்சியும் கவனிக்கப்படுகின்றன. பின்னர் சரியான சாவி தரப்படுகிறது.
- குறையற்ற பச்சை வட்டம்: குழந்தையைப் பச்சை வட்டம் வரையச் செய்து, ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு குறை கூறி மீண்டும் வரையச் சொல்லுதல். முடிவில் குழந்தை பாராட்டப்படுகிறது.
- வெறும் பெட்டி: அழகாகக் கட்டிய பரிசுப் பெட்டியைக் கொடுத்தல், உள்ளே ஒன்றும் இராது. சிறிது நேரத்தில் பரிசு வழங்கப்படுகிறது.
- அந்நியர் வருகை: அறிமுகமற்ற ஒருவர் அறைக்குள் வந்து பேச முற்படுதல்.
- தின்பண்டத்துக்குக் காத்திருத்தல்: கண்ணெதிரே உள்ள தின்பண்டத்தை, குறிப்புக் கிடைக்கும் வரை எடுக்காதிருத்தல்.

பதிவு செய்த நிகழ்படத்தைச் சில நொடிகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, முகபாவம், குரல், உடலசைவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இடுவர். ஒருவர் இட்ட மதிப்பெண்ணை அறியாத மற்றொருவரும் அதே பதிவுகளில் ஒரு பகுதியை மதிப்பிடுவார். இருவரும் போதிய அளவு ஒத்திருந்தால் மட்டுமே தரவு ஏற்கப்படுகிறது.

எல்லாக் குழந்தைகளும் ஒரே நிகழ்வைச் சந்திப்பது இம்முறையின் வலிமை. அன்று குழந்தை உறங்காமல் வந்திருக்கலாம், பசியோடு இருக்கலாம், ஆய்வகமே அதற்கு அச்சம் தந்திருக்கலாம் என்பன இதன் குறைகள். ஒரு மணி நேரக் காட்சி ஆண்டு முழுவதற்கும் சான்றாகிவிடாது.

அட்டைகளை வகைப்படுத்தல்

சாக் பிளாக், சான் பிளாக் ஆகியோர் அமெரிக்காவின் பெர்க்லியில் மூன்று வயதுக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வில் இம்முறையைப் பயன்படுத்தினர். குழந்தையை நன்கறிந்த ஆசிரியர், ஒவ்வொன்றிலும் ஓர் இயல்பு எழுதப்பட்ட 100 அட்டைகளை, "மிகவும் பொருந்துவது" முதல் "சிறிதும் பொருந்தாதது" வரை ஒன்பது அடுக்குகளாகப் பிரிப்பார். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை அட்டைகள் இருக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். எனவே எல்லா நற்பண்புகளையும் "மிகவும் பொருந்துவது" என்ற அடுக்கில் குவித்துவிட முடியாது. ஆசிரியர் ஒரு குழந்தையை மற்ற குழந்தைகளோடு ஒப்பிடாமல், அக்குழந்தையிடமே எவ்வியல்பு மேலோங்கியுள்ளது என்று சிந்திக்க வேண்டியதாகிறது.

பொம்மை நேர்காணல்

சிறு குழந்தைகளால் தம்மைப் பற்றிச் சொல்ல இயலாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1990களில் உருவாக்கப்பட்ட பெர்க்லி பொம்மை நேர்காணல் இக்கருத்தை மாற்றியது. ஒரே தோற்றமுடைய இரு நாய்க்குட்டிக் கைப்பொம்மைகள் எதிரெதிரான இரு கூற்றுகளைச் சொல்லும். ஒன்று தனக்குப் புதியவர்களோடு பேசப் பிடிக்கும் என்றால், மற்றொன்று தனக்குப் பிடிக்காது என்னும். பின்னர், "நீ எப்படி?" என்று குழந்தையைக் கேட்கும். இரு விடைகளும் இரு பொம்மைகளுக்கும் இயல்பானவையாகவே காட்டப்படுவதால், எது நல்ல விடை என்று குழந்தை தேட வேண்டியதில்லை. குழந்தை பேசியோ, பொம்மையைச் சுட்டியோ விடையளிக்கலாம். ஏறத்தாழ நான்கு வயது முதல் ஏழு வயது வரை இம்முறை பயன்படுகிறது.

மதிப்பிடுவோரிடையே காணப்படும் வேறுபாடு

தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய குழுவினரும் 1987 இல் 119 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சிறு குழந்தைகள் முதல் பதின்ம வயதினர் வரையுள்ளோரின் நடத்தைச் சிக்கல்களைப் பற்றியவை அவ்வாய்வுகள். தாய், தந்தை என ஒரே நிலையில் இருந்து காண்போரின் மதிப்பீடுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவுக் கெழு 0.60 ஆக இருந்தது. பெற்றோர், ஆசிரியர் என வெவ்வேறு நிலையில் இருந்து காண்போரிடையே அது 0.28 மட்டுமே. மனவியல்பு மதிப்பீட்டிலும் இதையொத்த வேறுபாடு காணப்படுகிறது.

இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு பிழையால் விளைவது. முதல் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் இல்லாதிருக்கலாம். மனச்சோர்வுற்றவர் குழந்தையின் அழுகையை மிகுத்துக் காணக்கூடும். இரட்டைக் குழந்தைகளின் பெற்றோர் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு, சிறு வேறுபாட்டையும் பெரிதாக்கிக் கூறுவதும் அறியப்பட்டுள்ளது. எனினும் எல்லா வேறுபாடும் பிழையன்று. வீட்டில் ஓயாது பேசும் குழந்தை வகுப்பில் வாய் திறவாதிருப்பது உண்மையாகவே நிகழ்வது. அத்தகைய குழந்தையைப் பற்றித் தாய் சொன்னதும் ஆசிரியர் சொன்னதும் ஒருசேர மெய்யாகலாம். ஆகவே இரண்டையும் கூட்டிச் சராசரி காண்பதற்கு முன், அவை எவ்விடத்தில் எதனால் வேறுபடுகின்றன என்று காண்பது பயனுள்ளது.

நிலைத்தன்மை

மூன்று வயதில் கண்ட இயல்பு பிற்காலத்திலும் நிலைக்குமா என்பது பெற்றோர் பலரும் அறிய விரும்புவது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைக் கொண்ட ஆய்வு இதற்கு முதன்மைச் சான்றாகும். மூன்று வயதில் ஏறத்தாழ 90 நிமிட நேரச் சோதனைகளின்போது அக்குழந்தைகள் நடந்துகொண்ட விதத்தைச் சோதனையாளர்கள் பதிவு செய்தனர். அதன் அடிப்படையில் நன்கு இசைந்தவர், கட்டுப்பாடு குறைந்தவர், தயங்குபவர், தன்னம்பிக்கையுடையவர், ஒதுங்கியிருப்பவர் என ஐந்து குழுக்கள் அறியப்பட்டன. கட்டுப்பாடு குறைந்தவர் ஏறத்தாழ 10 விழுக்காடும், தயங்குபவர் 8 விழுக்காடும் ஆவர். அவ்வியல்புகளுக்கும் 26 வயதில் அவர்களிடம் காணப்பட்ட ஆளுமைக்கும் தொடர்பு இருந்ததை 2003 இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனினும் இத்தொடர்பு குழுக்களின் சராசரியில் தெரிவது; தனி ஒரு குழந்தையின் வாழ்வை இதனைக் கொண்டு கூற இயலாது. 152 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்த பிரென்ட் ராபர்ட்ஸ், வெண்டி டெல்வெக்கியோ ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் இதனை எண்களால் விளக்கினர். இயல்புகளின் நிலைத்தன்மை குழந்தைப் பருவத்தில் 0.31 ஆகவும், கல்லூரிப் பருவத்தில் 0.54 ஆகவும், 50 வயதுக்குமேல் 0.74 ஆகவும் இருந்தது. அதாவது, இயல்பு மிகுதியாக மாறக்கூடிய பருவம் குழந்தைப் பருவமே.

ஒரே சோதனையைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிப்பதன் வரம்பினை, வால்டர் மிஷல் நடத்திய மார்ஷ்மல்லோ சோதனையின் வரலாறும் காட்டுகிறது. ஓர் இனிப்பை உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்பது அச்சோதனை. இசுட்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் முன்பள்ளிக் குழந்தைகளில், நெடுநேரம் காத்திருந்தோர் பிற்காலத்தில் கல்வியில் சிறந்து விளங்கினர் எனக் கூறப்பட்டது. 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018 இல் வெளியான ஆய்வில் அத்தொடர்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது. குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் கொண்டபோது அது மேலும் சுருங்கியது.

பொருத்தமும் பண்பாடும்

தாமஸ், செஸ் ஆகியோரின் பங்களிப்புகளில் நிலைத்து நிற்பது பொருத்தம் என்னும் கருத்தாகும். எந்த மனவியல்பும் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று; சூழலின் எதிர்பார்ப்புகளோடு அது பொருந்தாதபோதே சிக்கல் எழுகிறது என்பது இதன் பொருள். இவர்களுடைய ஆய்வில், மிகவும் கடினமான மனவியல்பு கொண்டிருந்த ஒரு சிறுவன் குழந்தைப் பருவத்தில் நடத்தைச் சிக்கலின்றி வளர்ந்தான். அவனுடைய உரத்த எதிர்வினைகளைத் தந்தை ஊக்கத்தின் அடையாளமாகக் கண்டு மகிழ்ந்ததும், பெற்றோர் பொறுமையோடு காத்திருந்ததும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

எவ்வியல்பு விரும்பத்தக்கது என்பது பண்பாட்டுக்கேற்ப வேறுபடுகிறது. சின்யின் சென்னும் அவருடைய குழுவினரும் சீனாவிலும் கனடாவிலும் இரண்டு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 1998 இல் முடிவுகளை வெளியிட்டனர். சீனக் குழந்தைகள் சராசரியாக மிகுந்த தயக்கம் காட்டினர். தயங்கும் குழந்தையைக் கனடியத் தாய்மார் குறைவாக ஏற்றுக்கொண்டனர். சீனத் தாய்மாரோ மிகுதியாக ஏற்றுக்கொண்டனர்.

மார்ட்டன் டிவ்ரீஸ் 1984 இல் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களைப் பற்றியது. கைக்குழந்தைகள் சிலரைக் கடினமானவர், எளியவர் என அவர் அறிந்து வைத்திருந்தார். கடும் வறட்சிக்குப் பின் மீண்டும் தேடியபோது, கண்டறிய முடிந்த குடும்பங்களில் எளிய குழந்தைகள் ஏழு பேரில் ஐவர் இறந்திருந்தனர். கடினமான குழந்தைகள் அறுவரில் ஒருவரே இறந்திருந்தார். உரக்க அழுத குழந்தைக்கு உணவு கிடைத்திருக்கலாம் என அவர் கருதினார். எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் இதைப் பொது விதியாகக் கொள்ள இயலாது. ஆயினும் "கடினமான" என்ற சொல் யாருடைய பார்வையில் இருந்து சொல்லப்படுகிறது என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

பயன்கள்

மதிப்பீடு நன்கு பயன்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆசுத்திரேலியாவில் ரொனால்டு ரேப்பியின் குழுவினர் மேற்கொண்ட பணியாகும். மிகுந்த தயக்கமுடைய முன்பள்ளிக் குழந்தைகளைத் தாயின் விடைகள், ஆய்வகக் கவனிப்பு ஆகிய இரண்டின் துணைகொண்டு கண்டறிந்தனர். பின்னர் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வுகளில் பயிற்சி அளித்தனர். குழந்தையை அளவுக்கு மீறிப் பாதுகாக்காமல், அஞ்சுவதைச் சிறிது சிறிதாகச் சந்திக்கச் செய்வது பயிற்சியின் சாரம். 2005 இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டுக்குப் பின் பயிற்சி பெற்றோரின் குழந்தைகளிடம் பதற்றக் கோளாறுகள் மிகுதியாகக் குறைந்திருந்தன. தயக்க இயல்பை அளந்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இயல்பு அவ்வாறே இருக்க, அதனால் விளையும் துன்பம் குறைந்தது என்பது இம்முடிவின் சிறப்பு.

அமெரிக்காவில் சாண்ட்ரா மெக்ளவுரி உருவாக்கிய இன்சைட்ஸ் என்னும் திட்டம், வெவ்வேறு மனவியல்பு கொண்ட கைப்பொம்மைப் பாத்திரங்களின் வாயிலாகக் குழந்தைகள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோருக்கு இவ்வேறுபாடுகளைப் புரிய வைக்கிறது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

- அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தைக்குச் செவித்திறன் குறைவு இருக்கலாம். மனவியல்பு என்று முடிவு செய்வதற்கு முன் செவி, பார்வை, பேச்சு வளர்ச்சி, உறக்கம், உடல்நலம் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.
- மனவியல்பு நோயன்று. மிகுந்த தயக்கமோ மிகுந்த இயக்கமோ மட்டும் கோளாறைக் காட்டுவதில்லை. அன்றாட வாழ்வும் வளர்ச்சியும் பாதிக்கப்படுகின்றனவா என்பதே நோயறிதலில் நோக்கத்தக்கது.
- வீட்டு மொழியல்லாத மொழியில் மதிப்பிடப்படும் குழந்தை, கூச்சமுடையதாகத் தவறாகக் கருதப்படலாம்.
- ஒரு நாட்டில் உருவாக்கிய வினாக்கொத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. கூற்றுகள் புதிய சூழலில் அதே பொருளைத் தருகின்றனவா என்று சோதித்து, அவ்விடத்துக் குழந்தைகளின் சராசரியோடே ஒப்பிட வேண்டும்.
- இயன்றவரை இருவர் தரும் விவரங்களும் நேரடிக் கவனிப்பும் சேர்ந்திருத்தல் நன்று. சில மாதங்களுக்குப் பின் மீண்டும் மதிப்பிடுவதும் பயன் தரும்.
- முடிவுகளைப் பெற்றோரிடம் கூறும்போது "பிடிவாதக்காரர்", "கூச்சக்காரர்" போன்ற பெயர்களைத் தவிர்த்து, எச்சூழலில் குழந்தை என்ன செய்கிறது, அப்போது எது அதற்கு உதவுகிறது என்று விளக்குவது ஏற்றது. மூன்று வயதில் இட்ட பெயரைக் கேட்டே குழந்தை வளர நேர்ந்தால், பெரியவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதும் அப்பெயரின் அளவுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும்.